ஆணி அடிக்காத சுவர்

மார்ச் 4
மூத்த பேரன் பல் டாக்டரிடம் உதவியாள். நான் பல் டாக்டர் என்றுதான் சொல்வேன். அடுத்தவள் கணக்கு டீச்சர். கடைக்குட்டிப் பேத்தி, நான் வாயாடி என்று கூப்பிடுகிறவள், அவளுக்கு எங்கேயோ தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சி கிடைத்திருக்கிறது. ஐந்தாவதோடு நின்ற என் வம்சமா இது! குழாயடியில் நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாவதாக வந்தவளிடமும் சொன்னேன்.

மார்ச் 7
மகனுக்குக் கண் மங்கிவிட்டது. பாட்டில் கம்பெனியில் விளக்கு முன்னால் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷம் பாட்டிலில் கீறல் பார்த்த கண். இந்த மாதத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஒருவராவது கம்பெனியில் வேலை பார்த்தால்தான் இந்த கம்பெனி குவாட்டர்ஸில் குடியிருக்கலாம். என் வீட்டுக்காரர் கண்ணாடி உலையில் வெந்ததற்குக் கிடைத்த வீடு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று சட்டம். அவர் படமே அலமாரியில் சாய்ந்துதான் நிற்கிறது. ஆனாலும் வீடு வீடுதானே?

மார்ச் 9
கம்பெனி ஆபீசில், மகன் வேலைக்கு வாயாடி பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். "கையெழுத்து முத்து முத்தா இருக்கே பாட்டி" என்றார் கிளார்க். பூரித்துப் போனேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டிருக்கணுமோ?

மார்ச் 10
வாயாடிக்குத் தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "தாத்தாவுக்கு நுரையீரல், அப்பாவுக்குக் கண்ணு. எனக்கு எதுன்னு கேட்டு எழுதினியா பாட்டி?"

மார்ச் 11
வாயாடி எனக்குத் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 13
மகனைக் கேட்டேன், நீ கம்பெனிக்கு இஷ்டப்பட்டுத்தானே போனே என்று.
"லாரி ஓட்டணும்னு இருந்தேன்மா."
"பாவி, அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"
"சொன்னா வீடு போயிருக்குமே."
இவ்வளவு வருஷம் இதை நெஞ்சிலே வச்சுக்கிட்டா இருந்தான்? நான் என்ன தாய் —

மார்ச் 14
நாளைக்கு அவள் கம்பெனியில் சேரவேண்டிய நாள். கதவு திறக்குமுன்பே ஆபீஸ் வாசலில் நின்றேன். "பெயரை அடிச்சிடுங்க."
"பதினஞ்சு நாள்ல காலி பண்ணணும் பாட்டி. நல்லா யோசிச்சீங்களா?"
தலையாட்டிவிட்டு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து கோழி கிளறினது போல் விழுந்தது. இந்தத் தடவை கிளார்க் முத்திரையை மட்டும் குத்தினார்.

ஏப்ரல் 2
வாடகை அறை. ஒன்றே ஒன்று. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வாயாடி ரயிலேறிவிட்டாள். தப்புப் பண்ணிவிட்டேனா?

ஏப்ரல் 21
வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். "ஆணிதானே? அடிச்சுக்குங்க, இதுக்கெல்லாமா கேப்பாங்க?"
மகன் தடவித் தடவி இரண்டு ஆணி அடித்தான். மூன்று அடி சுவரில் விழுந்தால் ஒன்று விரலில். திட்டிக்கொண்டே சிரித்தான். ஒரு ஆணியில் என் வீட்டுக்காரர் படம்.
வாயாடி போன் செய்தாள். "கிரேன் ஏழு மாடி உயரம் பாட்டி. கீழ பாத்தா பயமா இருக்கு."
"எனக்குந்தான்டி. மேல உக்காந்து ஒரு படம் எடுத்துத் தபால்ல போடு. இன்னொரு ஆணி காத்துக்கிட்டு இருக்கு."