பன்னிரண்டில் ஐந்து

ஐத் இஸ்மூர்
4 அக்டோபர்

என் பத்தூலுக்கு,

இட்டோவின் ஸலாம். உன் இருமல் நின்றதா? பிள்ளைகள் சுகமா?

நீ அனுப்பிய பழைய லேப்டாப் பன்னிரண்டும் போன வாரம் மினிபஸ் கூரையில் வந்து சேர்ந்தன. மேலே இரண்டு ஆடுகளைக் கட்டியிருந்தான் டிரைவர். ஆனாலும் பெட்டிகளில் ஒரு நசுங்கல் இல்லை. புதிதாக வாங்கியிருந்தால் பெற்றோர் சங்கப் பணத்துக்கு நான்குதான் கிடைத்திருக்கும். முப்பத்தோரு பெண்களுக்கு நான்கு! சங்கத் தலைவர் ஸிதி ஹம்மூதான் கடைசிவரை முனகினார். "அடுத்தவன் தூக்கிப் போட்டதையா டீச்சர் நம்ம புள்ளைங்களுக்கு?" "விக்கிறவ என்னோட நாலு வருஷம் ஹாஸ்டல்ல ஒரே அறையில தங்கிப் படிச்சவ. அவளுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி வாயை அடைத்தேன்.

ஒரு சின்னக் குறை. இரண்டு மட்டும் சில காலைகளில் எழுந்திருக்க மறுக்கின்றன. விசைகளில் எழுத்தும் அழிந்திருக்கிறது. என்ன செய்யட்டும்?

உன்
இட்டோ

*

காஸாபிளாங்கா
12 அக்டோபர்

இட்டோ, என் கண்ணே,

இருமல் போய்விட்டது, கடை வாடகைதான் போகமாட்டேன் என்கிறது.

பயப்படாதே. ஐரோப்பாவில் பெரிய அலுவலகங்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை நன்றாக ஓடுவதையே மாற்றிவிடும். நாங்கள் அதைத் துடைத்து, கெட்ட உறுப்பை மாற்றி விற்கிறோம். புதிதாக வரும் மலிவு பிளாஸ்டிக்கைவிட இந்தப் பழைய இரும்பு பத்து மடங்கு தாங்கும். பாட்டரிக்குத்தான் வயதாகியிருக்கும், மின்சாரத்தில் சொருகியே ஓட்டு. எழாத இரண்டையும் பின்மூடி திறந்து, ராம் என்கிற நினைவகத் தகட்டைக் கழற்றி, அழிப்பானால் தேய்த்து மறுபடி சொருகு. அழிந்த எழுத்து நல்லதுதான், பிள்ளைகள் பார்க்காமல் தட்டப் பழகுவார்கள்!

ஸிதி ஹம்மூவுக்கு என் ஸலாம் சொல். முனகட்டும்.

உன்
பத்தூல்

*

ஐத் இஸ்மூர்
6 நவம்பர்

பத்தூல்,

தேய்த்தேன். இரண்டு நாள் எழுந்தன, பிறகு படுத்துவிட்டன. இப்போது படுத்தவை நான்கு. ஐந்தாவதைச் சொல்கிறேன், கேள்.

செவ்வாய்க்கிழமை கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "டீச்சர், இது மூச்சு விடுது" என்றாள். போய்ப் பார்த்தால், பாட்டரி உப்பி, தொடுபலகையை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. எல்லாரையும் வெளியே ஓட்டிவிட்டு, ரொட்டித் தட்டில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுபோய் மணல் போட்டு மூடினேன். அந்தப் பிள்ளையின் உள்ளங்கை அரை மணி நேரமாக அதன்மேல்தான் இருந்திருக்கிறது.

மற்ற ஏழும் குதிரை மாதிரி ஓடுகின்றன. ஒன்று படிக்கட்டில் உருண்டுகூட விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில், எல்லார் முன்னும் ஸிதி ஹம்மூ கேட்டார்: "உங்க சிநேகிதிகிட்ட உங்களுக்கு எவ்வளவு கமிஷன் டீச்சர்?" யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

இதற்கு எனக்குப் பதில் எழுது.

இட்டோ

*

காஸாபிளாங்கா
14 நவம்பர்

இட்டோ,

கடையில் தலைக்குமேல் வேலை. என் உத்தரவாதம் ஒரு மாதம்தான், அது முடிந்துவிட்டது. இருந்தாலும் அனுப்பு, பார்க்கிறேன். மலைக் குளிரும் உங்கள் ஊர் மின்சாரமும் எந்த இயந்திரத்தையும் கொல்லும். ஊரில் யாரோ உளறினால் அதற்கு நான் என்ன செய்ய? நீயுமா என்னைச் சந்தேகப்படுகிறாய்?

பத்தூல்

*

ஐத் இஸ்மூர்
23 நவம்பர்

பத்தூல்,

உனக்கு அனுப்பவில்லை. அஸிலால் டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் ஐந்தையும் தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகத் திறந்தார். ஐந்திலும் சர்க்யூட் பலகை ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. "இது குளிரும் இல்ல, கரண்டும் இல்லம்மா. தண்ணியில கெடந்தது" என்றார்.

நான் அப்போதும் உன் பக்கம்தான் பேசினேன். "அவளையும் எவனோ ஏமாத்தியிருப்பான்" என்றேன். அவர் நான்காவதன் பாட்டரியைத் தூக்கிக் காட்டினார். அடியில் மஞ்சள் நாடா. அதில் பேனாவால்: "தண்ணீர் பட்டது. விற்க வேண்டாம்."

மற்ற நான்கிலும் கிழித்திருக்கிறாய், இதில் மறந்துவிட்டாய். வேறு யார் எழுத்தோ என்று சொல்லிவிடாதே. உன் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தே பரீட்சை தேறியவள் நான்.

நான் கேட்பது ஒன்றுதான். உனக்குத் தெரியுமா, தெரியாதா?

இட்டோ

*

காஸாபிளாங்கா
5 டிசம்பர்

இட்டோ,

தெரியும்.

உன் ஆர்டர் வந்தபோது என்னிடம் நல்லது ஏழுதான் இருந்தது. பன்னிரண்டும் நானே தருகிறேன் என்று உன்னிடம் பெருமை அடித்திருந்தேன். ஏழுதான் என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாயோ என்று பயம். வெள்ளத்தில் நனைந்த ஒரு கட்டு, பார்க்காமல் எடைக்கு வாங்கியது, மூலையில் கிடந்தது. அதில் ஐந்தை எடுத்துக் காயவைத்து ஓட்டினேன். இரண்டு நாள் ஓடின. ஓடினால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாடாவைக் கிழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, அதுவும் உண்மை.

பாட்டரி உப்பியதை நீ எழுதியபோதே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். வெட்கத்தில் கோபப்பட்டேன்.

இத்துடன் ஐந்து அனுப்புகிறேன். எல்லாவற்றிலும் புதுப் பாட்டரி. நீலப் பையில் இருப்பது என் மகனுடைய லேப்டாப். அவனிடம் காரணத்தையும் சொல்லித்தான் வாங்கினேன். இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. உன் பேரைக் காப்பாற்றிக்கொள்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

பத்தூல்

*

ஐத் இஸ்மூர்
9 ஜனவரி

பத்தூலுக்கு,

பனியால் பாதை மூடிக் கிடந்தது. முந்தாநாள்தான் ஐந்தும் வந்தன. திறந்து பார்த்தேன், சுத்தம். இப்போது பன்னிரண்டும் ஓடுகின்றன. உன் மகனுக்கு எங்கள் பெண்கள் பன்னிரண்டு வரியில் நன்றி தட்டியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் பிழை, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

நேற்றுக் கூட்டத்தில் உன் கடிதத்தை முழுக்க வாசித்தேன். ஸிதி ஹம்மூ எழுந்து, எல்லார் முன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, "செஞ்ச தப்ப கைப்பட எழுதிக் குடுத்த யாவாரிய இந்த வயசுல இப்பதான் பாக்கறேன். அடுத்து வாங்கப்போற பத்து லேப்டாப்பையும் அவகிட்டயே வாங்குவோம்" என்றார். சங்கம் முழுவதும் கை தூக்கியது.

நானும் தூக்கினேன். கடைக்காரி என்று பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் ஏழுதான் இருக்கிறது என்று என்னிடம் சொல்ல உன்னை எது தடுத்தது, பத்தூல்? ஏழையே வாங்கிக்கொண்டு உன்னைக் கொண்டாடியிருப்பேனே!

மார்ச்சில் வருகிறேன். பத்தையும் என் கண்முன் நீ திறந்து காட்ட வேண்டும். உன் வீட்டில் எனக்குக் கட்டில் போட வேண்டாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இட்டோ
ஆசிரியை, ஐத் இஸ்மூர் பெண்கள் பள்ளி