நாற்பது துகள்கள்

எத்தாளை,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்பின் றிஸ்மின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று ஜும்ஆ முடிந்த கையோடு கொழும்புக் கணினி விளையாட்டு நிறுவனத்திலிருந்து நிலுக்சன் அனுப்பிய மின்னஞ்சலில் இருப்பது இவ்வளவுதான்: என் மூன்றாவது கோப்பு கிடைத்துவிட்டது, வேலை எனக்கா இல்லையா என்பதைப் புதன்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குச் சொல்வார்கள். இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, பிறகு கதைப்பம்" என்பீர்கள். கண்டக்குழி ஹிஸ்புல்லா ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி குறைவு. நம் மகள் மபாஸாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கச்சான் காற்று பிந்தித் தொடங்கினாலும் பிந்தியதற்கும் சேர்த்து அடிக்கிறது. களப்பில் தண்ணீர்மேல் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் பகல் முழுவதும் மிதக்கின்றன. நாங்கள் காலையும் மாலையும் மண் கூட்டுகிறோம்.

என் வேலை என்ன என்று நீங்கள் ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை. கணினி விளையாட்டுகளில் புகை எழும்பும், மழை விழும், நெருப்புப் பொறி பறக்கும் அல்லவா? அவை எல்லாம் ஆயிரக்கணக்கான சின்னத் துகள்கள். எங்கே பிறக்க வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், எத்தனை செக்கன் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் விதித்துவிடுவதுதான் என் வேலை.

இந்த வேலைக்கான பரீட்சைக்கு ஒரு காட்சி தந்தார்கள். கடற்கரை வீடொன்றின் வாசலில், தோளில் பையுடன் ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் மணலாக உதிர்ந்து காற்றோடு போய்விட வேண்டும். மூன்று செக்கன்.

முதல் கோப்பைப் பார்த்துவிட்டு நிலுக்சன் போன் எடுத்துச் சிரித்தார். அவர்தான் அங்கே இந்தப் பிரிவுக்குப் பெரியவர். நான் முன்பு அனுப்பிய புகையும் இலையும்கூட ஒரே பக்கம்தான் சாய்கின்றனவாம். "உங்கட ஊரில காத்துக்கு ஒரு பக்கம்தான் தெரியுமா, தங்கச்சி?" என்று கேட்டார். "ஓம், மே மாசத்திலேருந்து செப்டெம்பர் வரைக்கும் ஒரு பக்கம்தான்" என்றேன்.

இரண்டாவது கோப்புக்கு அவர் சிரிக்கவில்லை. துகளின் ஆயுள் முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். நான் அழிக்கவில்லை. வாசற்படியிலும் கிணற்றுக் கட்டிலும் விழுந்து கிடக்க விட்டிருந்தேன். காட்சி ஓட ஓட மணல் குவிந்து, விளையாட்டே மூச்சுத் திணறி நின்றுவிட்டது. "அழியாத துகள் எல்லாத்தையும் நிப்பாட்டிரும். ஒவ்வொண்டையும் கொல்லுங்க" என்றார்.

இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இங்கே காற்று கொண்டுபோனது எதுவும் நடுவானில் காணாமற் போவதில்லை, எங்கேயோ வந்து படிகிறது. நீங்கள் விமான நிலையத்துக்குப் போன வேன் கிளப்பிய தூசி, கொடியில் ஈரமாகக் கிடந்த உங்கள் சாரத்தில் படிந்தது. அலசிப்போடச் சொன்னார் மாமி. பிறகு என்றேன். நான்கு நாள் அப்படியே கிடந்தது.

மாமி ஒருநாள் விளக்குமாற்றோடு வந்து பின்னால் நின்றார். "காலையிலேருந்து நான் மண் கூட்டுறன், நீ பெட்டிக்குள்ளயும் மண் கொட்டுறியா புள்ள?" என்றார். பிறகு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆரு அது?" என்று கேட்டார். அந்த உருவத்துக்கு முகம் தரவில்லை என்று சொன்னேன். "றிஸ்மின் மாதிரி நிக்கிறான்" என்றவர், கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினார்.

மூன்றாவது கோப்பில் நாலாயிரம் துகள்கள். முதலில் தோள் உதிரும், பிறகு பை, கடைசியாகப் பாதம். எல்லாவற்றுக்கும் மூன்று செக்கன் ஆயுள் வைத்தேன், நாற்பதைத் தவிர. அந்த நாற்பதும் வாசற்படியில் கிடக்கும். காட்சி மறுபடி ஓடும்போது முந்திய நாற்பது போன பிறகுதான் புது நாற்பது வரும், அதனால் குவியாது. நூறு தரம் ஓட்டிப் பார்த்தேன், எங்கும் நிற்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் கொல்லச் சொன்னவர் அவர். "அவன் நின்ற இடம் தெரிய வேண்டும்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னதைக் கேட்காதவள் என்று தள்ளிவிடவும் கூடும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வேலி இடுக்கால் வெயில் உள்ளே வரும்போது அறை முழுவதும் பொன்னிறத் தூசி மிதக்கிறது. எது எங்கள் மண், எது திரையில் நான் செய்த மண் என்று எனக்கே மயங்குகிறது. நேற்று மபாஸா அந்த நாற்பதையும் திரையில் விரலால் துடைத்துவிட்டு, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமி ஒரு பொதி கருவாடு கட்டித் தந்திருக்கிறார். நன்றாக உதறி எடுங்கள், எங்கள் மண் கொஞ்சம் வந்திருக்கும்.

இன்னும் இரண்டு வருடத்துக்கான ஒப்பந்தத்தில் வியாழக்கிழமை காலை கையெழுத்து வைப்பதாகச் சொன்னீர்கள். "அங்க ஒரு வழி இருந்தா நான் ஏன் இங்க கிடக்கப்போறன்?" என்று சொன்னதும் நீங்கள்தான். இந்த வேலை கிடைத்தால் அந்த வழி இருக்கும். கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. புதன் நான்கு மணிக்குத்தான் தெரியும். அதுவரை பேனையைத் தொடாதீர்கள். அதன் பிறகு எனக்கு ஒரு தரம் போன் எடுங்கள்.

அவர்கள் இல்லை என்று சொன்னாலும், கையெழுத்துக்கு முன் எடுங்கள்.

அல்லாஹ் உங்களை இந்த வாசலுக்கு முகம் காட்டி நிற்க வைக்கட்டும்.

உங்கள்
பஸீஹா