கிணற்றடிப் பொன்னாங்கண்ணி

1942 மே 11, திங்கள்

காலையிலேயே அனல். காற்று அசையவில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, கயிற்றுக்கு ஒட்டுப் போட்டேன். வலது முழங்கால் வீக்கம்.

நேற்று மாதா வணக்கமாதச் செபமாலை முடிந்து கோவிலிலிருந்து வரும் வழியில் பள்ளத்தில் விழுந்தேன். குண்டு போட்டால் ஒளிந்துகொள்ள என்று தெருமுனையில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அது. இருட்டடிப்பைக் கண்காணிக்கப் போட்டிருக்கிற வார்டன்தான் கை கொடுத்துத் தூக்கினார்.

"இன்னா டீச்சரம்மா, இம்மாம் பெரிய பள்ளம் கீது, தெர்லியா?"

"விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு இப்படிக் கேட்டால்?"

"இன்னும் இருட்டவே இல்லியேம்மா."

புடவையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொன்னது காதிலேயே நிற்கிறது.

புடவை கிழிசல். தைக்க வேண்டும்.

மே 12, செவ்வாய்

இன்று பரீட்சை வைத்துப் பார்த்தேன், எனக்கு நானே. சூரியன் போனதும் பின்கட்டு வாசலில் நின்றேன். வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. வேப்பமரத்து உச்சி தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பு. துவைக்கிற கல், வாளி, கிணறு, ஒன்றும் இல்லை. உள்ளே திரும்பும்போது கதவில் நெற்றி.

மயிலாப்பூர் பக்கம் கோவில் மணி. யாரோ சைக்கிளில் பாட்டோடு போனான். அவனுக்குத் தெரிகிறது.

அப்பாவுக்கும் சாயங்காலத்தில்தான் ஆரம்பித்தது. கோவிலில் ஆர்மோனியம் வாசித்த மனிதர். கடைசி வருஷங்களில் நான்தான் கையைப் பிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போவேன். படி வந்தால் என் கையை அழுத்துவார். எனக்கு யார்?

தம்பி அந்தோணிக்கு எழுத மாட்டேன். ரங்கூனில் குண்டு விழுந்ததுமே தம்பி குடும்பத்தோடு திண்டுக்கல் போய்விட்டான். நானும் வருகிறேனா என்று அவன் மனைவி கேட்டாள். நான் வாய் திறக்குமுன், "வீட்டைப் பாத்துக்க ஒருத்தர் வேணுமே" என்றான் அவன். இப்போது கண் போகிறது என்று எழுதினால் வரச் சொல்வான். அவர்கள் வீட்டு நடையில் ஒரு பாய். பள்ளிக்கூடத்து வேலையும் போகும். ஜூனில் திறக்கிறார்கள்.

இராச்சாப்பாடு ரொட்டி, காப்பி.

மே 14, வியாழன்

ஆண்டவர் பரலோகம் ஏறிய ஆரோகணத் திருநாள். காலைப் பூசைக்கு மிகக் கொஞ்சம் பேர். பாதி பெஞ்சு காலி. பகலில் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, ஊசி கோக்கிறேன்.

சாயங்காலம் நடந்தது: பக்கத்து வீட்டுச் செண்பகம் மதில்மேல் கூப்பிட்டாள். திருநெல்வேலிப் பெண். கணவர் வேலாயுதத்துக்கு தி. நகரில் ஜவுளிக்கடை. ஜப்பான்காரன் வருகிறான் என்று மாமியார் மாமனார் ஊருக்குப் போய்விட்டார்கள். கணவனைத் தனியாகச் சாப்பிடவிட மாட்டேன் என்று இவள் தங்கிவிட்டாள். வயிற்றில் ஆறாவது மாசம். எங்கள் தெருவில் இப்போது விளக்கு ஏற்றுகிற வீடு அவளுடையது, என்னுடையது, அவ்வளவே.

"டீச்சரக்கா, இன்னைக்கு உங்க நல்ல நாளுல்லா. கொஞ்சம் பால்சோறு. பிடிங்க."

கையை நீட்டினேன். காற்று.

"பிடிச்சிட்டியளா?"

"எங்கேம்மா கொடுக்கிறாய்?"

"இந்தா, உங்க கையிலதானே..."

கிண்ணம் என் காலடியில் விழுந்து உருண்டது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "இருட்டு" என்றோம். அவள் மதிலைத் தடவிக்கொண்டே திரும்பிப் போவது கேட்டது. வளையல் சுண்ணாம்பில் உரசுகிற சத்தம்.

அவளுக்கும் தெரியவில்லை.

மே 15, வெள்ளி

கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு காலையில் அவள் வாசலுக்குப் போனேன். வேலாயுதம் கடைக்குக் கிளம்பியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் செ. அழத் தொடங்கிவிட்டாள்.

"ஒரு மாசமா இப்படித்தான்க்கா. அந்தி வந்தா ஒண்ணும் தெரியல. அவுககிட்ட சொல்லல. அத்தைக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாகளோ. பிள்ளை கண்ணு தெரியாம பொறந்துருமோக்கா?"

என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்றேன். இதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறேன். அவள் அழுகை நின்றது. என் கண்ணையே மாற்றி மாற்றிப் பார்த்தாள், உள்ளே ஏதோ தெரியப்போகிற மாதிரி.

"உங்களுக்குமா? அப்போ இது பிள்ளையால வந்தது இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். சிரித்து எத்தனை நாள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போவதாகப் பேச்சு. பொழுதோடு திரும்பிவிட வேண்டும்.

மே 18, திங்கள்

லஸ் பக்கம் ஒரே ஒரு லேடி டாக்டர்தான் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கிறார். வெயிலில் ரிக்‌ஷா. செ. வழியெல்லாம் வாந்தி.

இருட்டறையில் கண்ணுக்குள் விளக்கு அடித்து வெகுநேரம் பார்த்தார். முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு. அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

"அவருக்கு இருந்தது வேற. உங்க கண்ணு ரெண்டும் நன்னா இருக்கு. இது மாலைக்கண். என்ன சாப்பிடறேள்?"

சொன்னேன். காலையில் காப்பி, ரொட்டி. மத்தியானம் கஞ்சி, ஊறுகாய். இரவு மறுபடி ரொட்டி. தபசு கால நோன்புக்காக முட்டையும் மீனும் விட்டேன், ஈஸ்டருக்குப் பிறகு தொடங்கவில்லை. மீன்காரியும் ஊரில் இல்லை.

"எத்தனை நாளா?"

"தம்பி குடும்பம் போனதிலிருந்து."

"ஆத்துல தனியாவா இருக்கேள்?"

"ஆமாம்."

"அதான்" என்றார். கை கழுவப் போய்விட்டார். கண்ணில் இல்லை வியாதி, சமைக்காத அடுப்பில்.

செண்பகத்துக்குச் சொன்னது: வயிற்றுப் பிள்ளை அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, அவள் வாந்திக்குப் பயந்து ரசஞ்சாதம் மட்டுமே சாப்பிடுகிறாள். பிள்ளைக்கு இப்போது ஒன்றுமில்லை, ஆனால் இப்படியே விடக்கூடாது.

மருந்து: சீமை மீனெண்ணெய் இருந்தால் சீக்கிரம் தெளியும். கப்பல் வரவில்லை, கடையில் இல்லை. செ. சைவக்காரி, தொடவும் மாட்டாள்.

"கீரை சாப்பிடுங்கோ. பொன்னாங்கண்ணி கெடச்சா விசேஷம். ஒருநாள் ரெண்டுநாள் இல்லே, தினம். நெய்யோ எண்ணெயோ விடணும். வேகவெச்ச தண்ணியக் கொட்டிடாதேள்."

பீஸ் வாங்கவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கோ மறுபடி."

மே 19, செவ்வாய்

கீரைக்கு அலைச்சல். மயிலாப்பூர் மார்க்கெட்டில் கடைகள் பாதி அடைப்பு. பாலவாக்கத்திலிருந்து தலைச்சுமையாகக் கீரை கொண்டுவருகிறவளைக் காணோம். இருந்த ஒருத்தியிடம் வாடின தண்டுக்கீரை.

வெறுங்கையோடு வந்து கால் கழுவக் கிணற்றடிக்குப் போனால், அங்கேயே கிடக்கிறது பொன்னாங்கண்ணி! துவைக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம், தரையோடு படர்ந்து. வழுக்கும் என்று போன மாதம்தான் ஒரு பக்கம் பிடுங்கி எறிந்தேன். எதிர் எதிராக இலை. இலைக்கும் தண்டுக்கும் நடுவே காம்பில்லாத குட்டி வெள்ளைப் பூ. கணுவுக்குக் கணு வேர். சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு கொத்து எடுத்துப் போய்ச் செண்பகத்திடம் காட்டினேன். "இதேதான்க்கா. எங்க ஊரு வாய்க்கா கரையெல்லாம் கெடக்கும்."

வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் நடத்துகிறேன். இலையின் பச்சைக்குள் கரோட்டின் என்று ஒரு மஞ்சள் சத்து மறைந்திருக்கிறது, உடம்பு அதைத்தான் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, கொழுப்பு இல்லாவிட்டால் குடலில் ஒட்டாது. இரும்பும் சுண்ணாம்பும் உண்டு, பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டும் வேண்டும். செ. சொல்வது: உடம்புச் சூட்டைத் தணிக்கும், மேனி பொன்னாகும், எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்த்தால் கண் குளிரும், ராத்திரியில் மட்டும் கீரை ஆகாது.

"அப்போ மத்தியானம்" என்றேன்.

எங்கே சமைப்பது? அவள் மாமியார் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. செ. கொஞ்சம் யோசித்தாள். "எங்க அடுப்பிலயே வைப்போம். உள்ள வாங்க." இத்தனை வருஷம் அடுத்தடுத்த வீடு, அவர்கள் சமையலறைக்குள் இன்றுதான் கால் வைத்தேன். பாசிப்பருப்பு வேகவைத்துக் கீரையைப் போட்டு, தேங்காய் சீரகம் அரைத்து விட்டுக் கூட்டு. மேலே நெய். சுடுசோறு. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டு தடவை சோறு வாங்கினேன், வெட்கமில்லாமல்.

மே 23, சனி

தினமும் கீரை. ஒருநாள் கூட்டு, ஒருநாள் பொரியல். செ. வாந்தி குறைவு. என் நாக்குப் புண் ஆறிவிட்டது. அது இருந்ததையே மறந்திருந்தேன்.

கண்: மாற்றமில்லை. அந்தியில் அதே கறுப்புச் சுவர்.

கிள்ளிய தண்டுகளை ஈரத்தில் ஊன்றி வைத்தேன். தெருவில் ஒரு நாய் வீடு வீடாகப் போய்க் கதவை முகர்ந்துவிட்டு வருகிறது.

மே 26, செவ்வாய்

அந்தோணி கடிதம். மாடிச் சன்னலுக்கு வெளிப்பூச்சு, எலி, மாமரத்துக் காய், எல்லாம் விசாரிக்கிறான். "நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன்." கடைசி வரி.

இன்று செண்பகத்திடம் சிடுசிடுத்தேன். நாலு நாள் பார்த்துவிட்டுக் கோவிலுக்கு வேண்டிக்கொள்வோமா என்று கேட்டாள் பாவம். "வேண்டிக்கொண்டால் கரோட்டின் வருமா?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நான் மட்டும் தினமும் செபமாலையில் வேறென்ன கேட்கிறேன்?

மே 30, சனி

அந்தி. வழக்கம்போல மதிலின் இரண்டு பக்கமும் நின்றோம், பரிசோதனைக்கு.

"அக்கா! அசையாதிய! கையில என்னது, முறமா?"

முறம்தான். விசிறிக்கொள்ள எடுத்து வந்திருந்தேன்.

"புடவையில கரை இருக்கு. கொண்டையில ஊசி குத்தியிருக்கிய. தெரியுதுக்கா, எல்லாம் தெரியுது! உங்களுக்கு?"

எனக்கு அவள் குரல்தான் தெரிந்தது. "கொஞ்சம் கொஞ்சம்" என்று பொய். உள்ளே வந்து படுத்தேன். சந்தோஷம் என்று எழுதலாம். பொறாமை. அவள் கண் திறந்துவிட்டது, நான் இருட்டிலேயே தனியாக நிற்கிறேன் என்ற பயம். அவளும் போய்விட்ட மாதிரி.

ஜூன் 1, திங்கள்

செ. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள். என் இலையில் நெய்யை இன்னொரு கரண்டி விட்டாள். முருங்கைக்கீரையும் கொஞ்சம் வாங்கி வரச்சொல்லி வேலாயுதத்திடம் கேட்டிருக்கிறாள். இப்போது அவருக்கும் விஷயம் தெரியும். "நீங்க இல்லேன்னா இவ வாயே தொறந்திருக்க மாட்டா, டீச்சர்" என்றார், வாசலில் நின்றபடி, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜூன் 4, வியாழன்

மேகம். ஒரு தூறல், மண் வாசனை, அதோடு சரி.

சாயங்காலம் மதிலோரம். சொல்ல மறந்து நின்றுவிட்டேன். முதலில் ஒரு மினுக்கு. அது அவள் மூக்குத்தி. பிறகு மூக்கு. பிறகு முகம் முழுவதும், லேசாக உப்பிய கன்னம், வியர்வை, வாய் திறந்து ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். அழுகிறேன் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

கிணறு தெரிந்தது. வாளி. கல். பெயர் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்.

ஜூன் 6, சனி

செண்பகம் ஊருக்குப் போகிறாள். ஏழாம் மாதம் பிறக்கிறது, தாய்வீட்டுக்கு அழைத்துப்போக அவள் அண்ணன் வந்துவிட்டார். நாளைக்கு ரயில். பிள்ளை பிறந்தபின்னும், ஊர் நிலைமை தெளியும்வரை அங்கேதானாம். வேலாயுதம் இனி கடையிலேயே படுத்துக்கொள்வார், வீட்டைப் பூட்டிவிடப் போகிறார்கள்.

நல்லதுதான். இந்த ஊரில் எப்போது அபாயச் சங்கு ஊதுமோ.

அவளுக்குச் சொல்ல: கீரையை விடாதே. பிள்ளை பிறந்த பிறகும், பால் கொடுக்கிறவரை. பேறுகாலத்தில் கீரை ஆகாது என்பார்கள், டாக்டரம்மா சொன்னார் என்று சொல்லிவிடு.

ஜூன் 7, ஞாயிறு

எழும்பூருக்கு நானும் ஜட்கா வண்டியில் போனேன். "திரும்ப இருட்டிரும்க்கா, வேண்டாம்" என்றாள். "இருட்டட்டும்" என்றேன்.

பிளாட்பாரத்தில் மூட்டை, பானை, தொட்டில், ஊரே ஏறுகிறது. சன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே ஒரு உதை.

"இதுக்கு நல்லாத் தெரியும்லாக்கா?"

"எல்லாம் தெரியும்."

"எழுதுவியளா?"

ரயில் நகர்ந்துவிட்டது. தலையாட்டினேன், பார்த்தாளோ என்னவோ.

தி. நகருக்குப் போகிற வேலாயுதம் வண்டி பேசி அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்று பஸ் ஏறி, லஸ்ஸில் இறங்கி நடந்தேன். அந்தி. விளக்கில்லாத தெரு. பள்ளத்தைச் சுற்றி நடந்தேன், அதன் ஓரத்து மண்கட்டிகள் வரை தெரிந்தன. சன்னல்களில் ஒட்டின கறுப்புக் காகிதம். பூட்டு, பூட்டு, அடுத்த வீட்டிலும் பூட்டு. எங்கள் தெருவில் இத்தனை பூட்டு என்று இதுவரை கண்ணில் பட்டதில்லை. செண்பகம் வீட்டுப் பூட்டு புதிது, பித்தளை.

ஜூன் 8, திங்கள்

பள்ளிக்கூடம் திறப்பு. என் வகுப்பில் ஆறு பெண்கள். நடுப்பகலோடு விட்டுவிட்டார்கள்.

வந்து கிணற்றடிக்குப் போனேன். ஊன்றிய தண்டெல்லாம் துளிர்த்துவிட்டது. குனிந்தேன், பறிக்காமலே திரும்பிவிட்டேன். உள்ளே வந்து ரொட்டியை எடுத்தேன். அறுக்கவும் அறுத்தேன்.

அப்புறம் மறுபடி போய் ஒரு கைப்பிடி பறித்தேன். அடுப்பு பற்ற வெகுநேரம், ஒரே புகை. பருப்பு வேகிறது. நெய் இல்லை, நல்லெண்ணெய்தான்.