எதிர்வீட்டுச் சீமை

பங்குனி 6, வியாழன்

வெயில். சாதாரண வெயில் அல்ல. நிழலே ஒதுங்க இடம் தேடி அலைந்தது.

முதலில் ஒரு சத்தியம். இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மனைவி விசாலாட்சி (இனி வி.) நான் மணி சொன்னால்கூட நம்பாமல் கடிகாரத்தைப் போய்ப் பார்க்கிறவள். ஆகவே எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன். நானாவது நம்புகிறேனா பார்ப்போம்.

விஷயம்: மருமகன் சாத்தப்பன். என் ஒரே தங்கை மகன். பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். ஒரே ஒரு டெர்ம் இங்கே காரைக்குடியில் படித்துப் பார்க்க வந்தான். பரீட்சை முடிந்தது. பள்ளிக்கூடத்துப் பதிவிலிருந்து பெயரையும் நீக்கியாகிவிட்டது. அடுத்த புதன் நாகப்பட்டினத்தில் கப்பல்.

மேல்படிப்புக்கு இந்தச் சீமைக்கே திரும்பி வருவதா, பினாங்கிலேயே கடையில் உட்காருவதா, அது அவன் முடிவு. "ஊர் பிடிச்சிருக்கா இல்லையான்னு நேர்ல வந்து எங்கிட்டச் சொல்லு" என்பது அவன் அப்பச்சி (என் தங்கை புருஷன்) உத்தரவு. அதனால் இங்கே மூச்சு விடுவதில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்பவனா? (பல தடவை வாயைத் திறந்தேன். கொட்டாவியாக மாற்றி மூடிவிட்டேன்.)

இன்று அவனுக்குப் பரஸ்தானம். கப்பல் ஏறும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் பயணம் போகிறவனின் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவது. வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்தக் கெட்ட நேரமும் கிட்டே வராது. ஒரு துணிமூட்டை போதும் என்றாள் வி. என் மருமகனுக்குத் துணிமூட்டையா? பெட்டி, படுக்கை, அவன் யாரையும் தொடவிடாத கிளிமூக்குப் பிடி வைத்த பினாங்குக் குடை, அதோடு ஆளையும் சேர்த்தே அனுப்பினேன். தேங்காய் உடைத்து, மாலை போட்டு, எதிர்வீட்டுத் தெய்வானை ஆச்சி வீட்டுக்கு.

நிறைகுடத்தோடு எதிரே வர ஆச்சியிடமே சொல்லி வைத்திருந்தேன். கதவைத் திறந்தால், குடம் இடுப்பில் இருக்க, ஆச்சி பால்காரனோடு சண்டை.

"தண்ணிய ஊத்துனது நீயா, மாடா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு!"

நல்ல சகுனம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இருமினேன். "இந்தா வந்துட்டேன்" என்று ஆச்சி திரும்பிய வேகத்தில் பாதிக் குடம் சாத்தப்பன் சட்டையில்.

வழியனுப்ப வந்த கூட்டம்: பத்தாயிரம் பேர். (வி. எண்ணியபடி: பதினொன்று, ஓர் ஆடு உட்பட.)

பங்குனி 7, வெள்ளி

காலையில் தந்தி. கப்பலில் பழுது. இரண்டு வாரம் கழித்துத்தான் புறப்படும்.

சாத்தப்பன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குத் திரும்பி வந்தான். வி. வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"உள்ள கால வைக்காத அப்பு! போனவன் திரும்புனா பயணம் கெட்டுப்போகும்."

"அயித்தை, கப்பலே இன்னும் போகலையே."

"கப்பல் போனா என்ன, போகாட்டி என்ன? நீ போயிட்ட."

சோசியரிடம் ஓடினேன். இதைக் கெடுத்தால் கிழக்கே போக அடுத்த நல்ல நாள் சித்திரைக்கு அப்புறம்தானாம். அதற்குள் கப்பல் பினாங்கு போய்த் திரும்பியே வந்துவிடும்.

"மூட்டைய மட்டும் வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஊர்வலம் விட்டீக. இப்ப அனுபவிங்க" என்றாள் வி.

ஆக, மருமகன் எதிர்வீட்டில். நடுவே தெரு. மாலையில் தெய்வானை ஆச்சி குரல் கொடுத்தாள்: "என்ன தம்பி, மருமகனச் சீமைக்கு அனுப்பியாச்சாமே! சீமை எங்க வீட்டு அடுப்படியோட முடிஞ்சுபோச்சா?"

விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கப் பெயர் பரவிவிட்டது. எதிர்வீட்டுச் சீமை.

பங்குனி 10, திங்கள்

வெயில் நேற்றுப் போலவே. ஓட்டிலிருந்து ஒரு பல்லி விழுந்தது, பொன்னிறமாக.

காட்ட வேண்டிய இடங்கள்: பிள்ளையார்பட்டி. குன்றக்குடி. திருப்பத்தூர். கண்டரமாணிக்கம். சிவகங்கை அரண்மனை (வெளியே நின்றாவது). டெர்ம் முழுக்க "பிறகு, பிறகு" என்று நான் தள்ளிப்போட்டது அத்தனையும். இப்போது ஊரைச் சுருட்டி அவன் பெட்டியில் திணித்தாக வேண்டும். பிடித்துப்போனால்தானே வருவான்?

திட்டத்தைச் சொன்னேன். "இன்னைக்குச் சந்தைய மட்டும் பாப்பமே அம்மான்" என்றான்.

சந்தையிலும் என்ன பார்த்தான்? ஒரே ஒரு கத்தரிக்காய்க் கடை. அதன் எதிரே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

"கத்தரிக்கா கசக்குமா?" என்றாள் வாங்க வந்த கிழவி ஒருத்தி கடைக்காரனிடம்.

"வாங்குறவுக வாய் கசக்காட்டி, கா கசக்காது."

"பேச்சப் பாரு! ஒரு வீசைக்கு எம்புட்டு?"

"பேச்சுக்குத் தனி வெல கெடையாது, எடுத்துக்கங்க ஆத்தா."

விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கோ காலில் எறும்பு ஏறின மாதிரி. நாள் போகிறதே! மத்தியானம் வரை அங்கேயே. வாங்கியது: கத்தரிக்காய். கசக்கவில்லை.

பங்குனி 13, வியாழன்

குன்றக்குடி யாத்திரை. வண்டி என்னுடையது. மாட்டின் பெயர் துரை. கோபமும் உத்தியோகமும் அப்படி.

விடிகாலையில் புறப்பட்டோம். போன வேகத்தில் எங்கள் நிழல் காரைக்குடியிலேயே தங்கிவிட்டது. பாதி வழியில் துரை படுத்துவிட்டார். தமிழில் கெஞ்சினேன். இங்கிலீசில் அதட்டினேன். துரை கண்ணை மூடிக்கொண்டு, "இன்று கலெக்டர் கச்சேரி கிடையாது, நாளை வாரும்" என்றார். என் காதால் கேட்டேன்.

சாலையோரம் ஒற்றைப் பனை. அதன் அடியில் ஒருத்தி நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். சாத்தப்பன் அங்கே உட்கார்ந்துவிட்டான்.

"கட்டை விரல விட்டுச் சுழட்டுங்க தம்பி. கண்ணுல அடிக்கும், பாத்து" என்றாள்.

அடித்தது. என் கண்ணில்.

"போதும், கிளம்பு, நடந்தாவது போவோம்" என்றேன்.

"துரை எந்திரிக்கட்டும் அம்மான். அதுவரைக்கும் சும்மா இருப்பமே."

சும்மா இருந்தோம். பனை நிழல் ஒல்லி. அது நகர நகர அவள் கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். கூடவே நாங்களும், சீவிப்போட்ட நுங்கு மட்டைகளும். எல்லோரும் அரிவாள் அகலத்துக்கு ஒரு நிழலில் வரிசையாக. பொழுது சாயும்போது பார்த்தால் சாலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறோம்! சாலையைக் கடந்தது எங்களுக்கே தெரியாது. இவ்வளவு நிதானமாக நான் எங்கும் பயணம் போனதில்லை. எப்போது என் காலிலிருந்த எறும்பு இறங்கியது என்றும் தெரியவில்லை.

"எத்தன கோயில் பாத்தீக?" என்றாள் வி.

"ஒரு பனைமரம்."

பங்குனி 18, செவ்வாய்

காற்று கொஞ்சம் வந்தது. வந்த காற்றும் வியர்த்துப்போய்.

காட்ட வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கே என்று தேடினேன். வி. அதில் பெருங்காயம் மடித்து வைத்திருக்கிறாள். சரி, இருக்கட்டும்.

தெருவில் இப்போது பணியாரப் போர். ஆச்சி அங்கே வெள்ளைப் பணியாரம் சுட்டால், வி. இங்கே கருப்பட்டிக் கும்மாயம் கிண்டித் தூக்குச்சட்டியில் அனுப்புகிறாள். "அவுக பணியாரம் எப்புடி இருந்துச்சு அப்பு?" என்று வாசலில் நின்றபடி விசாரணை. அவன் தெரு நடுவில் நின்று இரண்டு பக்கமும் கேட்காத மாதிரிப் பதில் சொல்கிறான். அவன் எடை இப்போது: இளம் யானை.

நேற்று ஆச்சியிடம், அவன் மனசில் என்ன இருக்கிறது என்று சும்மா விசாரிக்கச் சொன்னேன். எனக்காக அல்ல, உலக நன்மைக்காக. இன்று பதில் வந்தது.

"கேட்டேன் தம்பி. பணியாரத்த வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். உங்க தங்கச்சி மகன்னு சத்தியம் பண்ணுனாலும் நம்ப முடியாது. வாய அளந்துல்ல தெறக்குறான்!"

"எனக்கு அதுல ஒண்ணும் ஆவலில்ல ஆச்சி."

"பெறகு எதுக்கு நான் கேக்குறப்ப கதவுக்குப் பின்னாடி நின்னீக?"

ஒரு விஷயம். அவன் பல் விளக்கும்போது பாடுகிறான். சுருதி இல்லை, தாளம் இல்லை, வெட்கமும் இல்லை. டெர்ம் முழுக்க என் வீட்டில்தான் இருந்தான். "படிச்சியா, சாப்ட்டியா" என்று கேட்டதோடு சரி, இந்தப் பாட்டு என் காதில் விழவே இல்லை. இப்போது தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்கிறது. நாலு நாளாக இதைக் கேட்கவே சீக்கிரம் எழுந்திருக்கிறேன். வி.யிடம் வயிற்றுக் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன்.

பங்குனி 22, சனி

கிழக்கே சூலம். ஆனால் ஏற்கெனவே போனவனுக்குச் சூலம் ஏது?

தேங்காய் இல்லை, மாலை இல்லை, குடம் இல்லை. எல்லாம் 6-ந் தேதியே ஆயிற்று. அழவும் கூடாது என்றாள் வி. சொன்னவள் நடுத்தெரு வரை வந்து சீப்புச்சீடைத் தூக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, புகை புகை என்று கண்ணைத் துடைத்தாள். அடுப்பு எங்கேயும் எரியவில்லை.

ரயிலடி வரை வண்டி. துரை இன்று குதிரையாக ஓடினார், பாவி.

ரயிலடியில் நான் பேசியது: மாடு, மழை, கப்பலில் வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம். கேட்காதது: அந்த ஒன்று. வாயைத் திறந்தேன். கொட்டாவியாகக்கூட மாற்ற முடியவில்லை.

ரயில் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டினான். "அம்மான், குடைய ஆச்சி வீட்டுல வச்சிட்டேன்!"

"மறந்துட்டியாடா! தபால்ல அனுப்பி வைக்கிறேன்!" என்று கூடவே ஓடினேன்.

"மறக்கல அம்மான்!"

புகை. அவன் சிரிப்பு மட்டும் கடைசிப் பெட்டி வரை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, பையன் குடையை விட்டுவிட்டான், என்ன ஞாபகமறதி என்று வி.யிடம் புலம்பினேன். வி. என்னைப் பார்த்த பார்வை!

"பயணம் போறவுக சாமான அடுத்த வீட்டுல எதுக்கு வைப்பாக? ஊருக்கே பாடம் சொன்னீகளே."

பங்குனி 23, ஞாயிறு

மேகம். விடியலில் எதிர்வீடு.

நடுவீட்டில் ஆணியில் தொங்குகிறது. கிளிமூக்கில் மஞ்சள் தடவி, முனையில் வெற்றிலை சுற்றி, முறை தவறாமல். கை நீட்டினேன்.

"தொடாதீக தம்பி" என்றாள் ஆச்சி. "திரும்பி வர்றதுக்கு வச்சிட்டுப் போயிருக்கான். அவன் அங்கருந்து கெளம்பியாச்சுன்னு கணக்கு. எடுத்தீகன்னா பயணம் கெட்டுப்போகும்."

இனி உண்மை. பத்தாயிரம் பேர் பொய். பல்லி பொய். நிழல் எங்களோடுதான் வந்தது. துரை இன்றுவரை வாய் திறந்ததில்லை. வயிற்றுக் கோளாறும் கிடையாது. ஆனால் அந்தக் குடை மட்டும் நிஜம். அவன் பாதி வந்தாயிற்று, தெருவைக் கடப்பதுதான் பாக்கி.