பேய்மாலையில் வந்த பாத்திக் சட்டை

சம்பந்தி,

உங்கள் பாத்திக் சட்டை, மெழுகுச் சாயப் பூக்கள் போட்ட அந்த மலாய்ச் சட்டை, இப்போது என் நாற்காலியின் முதுகில் தொங்குகிறது. அறை முழுவதும் கிராம்பு மணக்கிறது. ஓய்வுபெற்ற பிறகும் சட்டைப் பையில் கிராம்பை வைத்துக்கொண்டு திரிந்த பல் மருத்துவர் உங்களைத் தவிர வேறொருவர் இருந்திருக்க முடியாது.

நேற்று மாலை இந்தச் சட்டை என்னை நோக்கி நடந்து வந்தது. கைகள் மடிப்பு மடிப்பாகச் சுருட்டப்பட்டிருந்தன. கீழ் விளிம்பு கணுக்காலைத் தொட்டது. மேலே உங்கள் மூக்குக் கண்ணாடி. அதன் பின்னே நம் பேத்தியின் கண்கள்.

"நான் ஈப்போ தாத்தா," என்றாள். உங்கள் மலாய் ஊரின் பெயரால்தானே அவள் உங்களை அழைப்பாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க இப்ப வருவாங்க. நானும் போகலாமா?"

நேற்று ஆலோவீன். அதற்கு நான் சூட்டிய பெயர் பேய்மாலை என்பதை நீங்கள் அறிவீர்கள். நாளை ஞாயிறு, பாபடோயிட்டோய்ப் பகுதியில் நம் தமிழ் வழிபாட்டுக் கூடுகையில் நான் பேசவேண்டிய பொருளும் அதுவே: கிறித்தவர் இவ்விழாவில் கலக்கலாமா? நான் எழுதி வைத்திருக்கும் முதல் வரி, 'கலக்கலாகாது'. மகளுக்கு மருத்துவமனையில் மாலைப்பணி. உங்கள் மகன் பேருந்து பிடித்து, மாசி என்னும் இந்தப் பகுதியிலுள்ள வீட்டுக்கு வந்து சேர ஏழு மணியாகும். என் மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு விடை சொல்ல வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை.

"பொறு. எண்ணிச் சொல்கிறேன்," என்றேன். அவள் உங்கள் நாற்காலியிலேயே போய் அமர்ந்தாள். நான் மனத்துக்குள் உங்களோடு வழக்காடத் தொடங்கினேன், பழக்கம் விடவில்லை.

நம் வழக்கு நம் பிள்ளைகளின் திருமணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. பாபடோயிட்டோயில் ஒரு தோசைக் கடை. நான் பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவந்த தாலியை, சிலுவை பொறித்த அந்தச் சிறு பொன்னை, மேசைமேல் வைத்தேன். நீங்கள் அதைத் தொடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. எங்க ஈப்போ சர்ச்சுல தாலி கட்டுறது இல்ல. அது வேற சாமி பழக்கம்னு சொல்லித்தான் எங்கள வளத்தாங்க. மோதிரம் போதும் லா."

நான் விடுவேனா? ஒரு மேடைக்குரிய உரையைத் தோசைக் கல்லுக்கு அருகே ஆற்றினேன். தாலி எந்தத் தெய்வத்தின் உடைமையும் அன்று. அது எம் மண்ணின் மொழி. வேர் எதுவாயினும் ஆகுக. சிலுவையை அதில் பொறித்த அன்றே அது திருமுழுக்குப் பெற்றுவிட்டது. அடுத்த மேசையில் உண்டுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டனர். நீங்கள் மட்டும் நிறுத்தாமல் இரண்டாவது தோசையை முடித்தீர்கள். பிறகு, "சரி, கட்டட்டும்," என்றீர்கள்.

வென்றுவிட்டேன் என்று எண்ணினேன். ஆனாலும் ஓர் ஐயம் உறுத்தியது. எதிரே இருப்பவர் அவ்வளவு எளிதாகத் தோற்கிறார் என்றால், நம் சொற்களை எங்கோ எடுத்து வைத்துக்கொள்கிறார் என்று பொருள்.

எடுத்துத்தான் வைத்திருந்தீர்கள். பெண்ணைப் பெற்றவனும் பிள்ளையைப் பெற்றவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது நம் ஊரில் நடவாது. இந்த ஊரின் வீட்டு வாடகை அதை நடத்திக் காட்டியது. நாங்கள் வந்த முதல் அக்டோபரில், சாம்பல் நிறத் தோல் கொண்ட பரங்கிக்காய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் பழைய பல் கருவிகளால் அதற்கு வாய் குடைந்துகொண்டிருந்தீர்கள். எல்லார் வீட்டுப் பரங்கியும் கோணல் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, நம் வீட்டுப் பரங்கி மட்டும் வரிசைப் பற்களோடு சிரித்தது.

"பேயா இருந்தாலும் பல்லு நேரா இருக்கட்டும் லா," என்றீர்கள். அருகில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய்.

பல்லைக் கெடுத்துப் பிழைத்த பழக்கம் இன்னும் போகவில்லை என்று நான் மகளிடம் சொன்னேன். அது உங்கள் காதுக்குப் போயிற்று. "ரிட்டயர் ஆயாச்சு சம்பந்தி. இனிமே சொத்தைப் பல்லெல்லாம் அடுத்த டாக்டருக்கு," என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர் தொடங்கும் நாடுகளில், இருள் நீளும் காலத்தில், இறந்தோரின் ஆவிகள் உலவுமென்று அஞ்சிய பழங்குடியினர் தீ மூட்டிய மாலை அது என்கிறார்கள். உலகின் தென்கோடியான இங்கோ அக்டோபர் முடிவில் பகல் நீள்கிறது. ஏழு மணி வெயிலில் எலும்புக்கூடுகள் வியர்த்துக்கொண்டு தெருவில் நடக்கின்றன. பருவமும் பொருந்தாத ஒரு விழாவை எவர் கொண்டுவந்து எம் வாசலில் இறக்கினார்? எதற்காக இறக்கினார்? கொடுக்கிறாயா, தொல்லை செய்யட்டுமா என்று பிள்ளைகளை மிரட்டிக் கேட்கப் பழக்குவதில் எவருக்கு ஊதியம்? ஊருக்கு முன்பே கடைகள் கறுப்பு அணிந்துவிடுவதைக் கண்டபோது எனக்கு விடை கிடைத்தது.

அன்று பிள்ளைகள் போனபின், வாசல் மரத்தளத்தில் உங்கள் எதிரே நின்று இவ்வளவையும் கொட்டினேன். நீங்கள் பரங்கியைத் தடவிக்கொண்டே கேட்டீர்கள்:

"அன்னைக்குத் தோசைக் கடையில தாலிக்கு ஞானஸ்நானம் கொடுத்தீங்களே சம்பந்தி. இந்தப் பரங்கிக்காய்க்கும் ஒண்ணு கொடுத்துடுங்களேன்."

தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்த முகமூடிக்காரன் ஒருவனைச் சுட்டினேன். பிறகு சொன்னேன்: "தாலி என்ன சொல்கிறது என்று கட்டியவனுக்கும் தெரியும், கட்டிக்கொண்டவளுக்கும் தெரியும். உன்னைக் கைவிடேன் என்கிறது. இந்த முகமூடி என்ன சொல்கிறது? அணிந்தவனுக்கே தெரியாது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் எதையும் அணியலாகாது, சம்பந்தி."

"நல்ல கேள்விதான்," என்றீர்கள். "அடுத்த வருசம் கேட்டே பாத்துடறேன்."

என்னைப் பகடி செய்கிறீர்கள் என்றே ஐயுற்றேன். ஆனால் மறு ஆண்டு வந்த ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி வைத்து, நீ யார், ஏன் இதைப் போட்டாய் என்று கேட்டீர்கள். கடைசிப் பிள்ளை போனதும் என் அறைக் கதவைத் தட்டிச் செய்தி சொன்னீர்கள்.

"ஒருத்தன் தீயணைப்பு வண்டி. ஏன்டான்னா, சத்தம் போட்டா யாரும் திட்ட மாட்டாங்களாம். ஒரு பாப்பா தேனீ. அவங்க அம்மா தச்சுக் கொடுத்ததாம். பேயக் கும்பிடுற ஆளு ஒருத்தரும் வரல சம்பந்தி. மிட்டாயக் கும்பிடறவங்கதான் நிறைய."

"அதுவும் சிலை வழிபாடுதான்."

"அப்ப உங்க ஊரு அல்வா?"

நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் சொன்னதில் உண்மை இல்லாமலும் போகவில்லை. பேத்தி சிறு குழந்தையாக இருந்த ஓர் ஆண்டு, வளர்ந்த ஒருவன் குருதி வழியும் இரப்பர் முகத்தோடு படியேறி வந்து அவள் முன்னே குனிந்தான். அவள் வீறிட்டாள். அதன்பின் பல நாள் முன்வாசல் பக்கமே போகவில்லை. அன்று நீங்கள் கிண்ணத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, இயேசுவின் பெயரை அவள் காதில் சொல்லிச் சொல்லி நடந்தீர்கள். அவள் உறங்கியபின் என்னிடம் வந்தீர்கள். "அது சரியில்ல சம்பந்தி. நீங்க சொன்னது அதுக்கு அப்படியே பொருந்துது."

அடுத்த ஆண்டு நம் வாசலில் ஒரு சட்டம் பிறந்தது. 'முகத்தக் காட்டு, மிட்டாய வாங்கு.' வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். பேத்திக்கு அதைத் தமிழில் பழக்கினீர்கள். முகமூடியைத் தூக்கிய பிள்ளைகளை வாயையும் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தீர்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் காட்டினார்கள். சாளரத்தின் பின்னே நின்று பார்த்த எனக்குப் பாதி நிறைவு, பாதி ஐயம். நஞ்சை நீர்விட்டுக் கலக்கி நல்லதாக்கப் பார்க்கிறாரோ இந்த மனிதர்?

இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். மவுண்ட் ஆல்பர்ட்டில் உங்கள் ஆலயத்தில் நான்தான் பேசினேன். அழுதவர்கள் கூட நன்றாகப் பேசினீர்கள் என்று கைகொடுத்தார்கள். பேத்தியை அழைத்துப்போக வேண்டாமென்று வீட்டில் முடிவாயிற்று. அவள் அன்று பள்ளியில் இருந்தாள். அதன்பின் அவள் முன்னால் எவரும் உங்கள் பேச்சை எடுக்கவில்லை. உங்கள் சட்டைகள் பெட்டிக்குள் போயின. நாற்காலி சுவரோரம் போயிற்று. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை மறந்துவிட்டாள் என்றே இருந்தோம்.

நேற்று, "ஏன் இந்தச் சட்டை?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல சொன்னாங்க. ஹாலோவீன்னா செத்தவங்க திரும்ப வருவாங்களாம்," என்றாள். அவளுடைய தமிழ் உங்களிடம் கற்ற தமிழ். பள்ளியில் முழுதும் ஆங்கிலம், வீட்டில் மட்டும் அது வருகிறது. "அதான் லா."

நாளைய உரையில் நான் வெட்டி எறிய வைத்திருந்த வேர் அதுதான். இறந்தோர் திரும்பி வருவர் என்னும் அந்த வேர், உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தது. கழற்று என்று சொல்ல வாயெடுத்தேன். பரங்கியைத் தடவும் உங்கள் கை நினைவுக்கு வந்தது. இந்தச் சட்டை என்ன சொல்கிறது? கேட்காமல் கழற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்ன சொல்கிறது என்று கேட்கும் அந்த விதியை இயற்றியவனே நான்.

"வீடு வீடாகப் போகக் கூடாது," என்றேன். "எவரிடமும் கேட்டு வாங்கக் கூடாது. இங்கே உட்கார்ந்து வருபவர்க்குக் கொடு."

"குடுக்க ஒண்ணுமே இல்லையே தாத்தா."

ஆகவே நான் தெருமுனை டெய்ரிக்கு, இந்த ஊரில் பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர், நடந்தேன். சூனியக்காரிகளும் எலும்புக்கூடுகளும் போகும் பாதையில், வேட்டி கட்டிய நானும் கணுக்கால்வரை பாத்திக் உடுத்திய உங்கள் பேத்தியும். கடைக் கண்ணாடியில் ஒட்டிய சிலந்திவலையைக் கழற்றச் சொல்லிச் சென்ற ஆண்டு நான் வாதிட்டதைக் குசராத்திக் கடைக்காரர் மறந்திருக்கவில்லை. மிட்டாய்ப் பையை என்னிடம் நீட்டியபடி, "அங்கிள், யூ டூ?" என்றார். நான் மிகுந்த மிடுக்கோடு மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டேன்.

உங்கள் நாற்காலியை வாசல் மரத்தளத்துக்கு இழுத்துப் போட்டேன். பிள்ளைகள் வந்தார்கள். இளவரசிகள், ஒரு சுறாமீன், பிறகு இரப்பர் முகத்தோடு நெடியவன் ஒருவன். நான் எழுந்தேன். எனக்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். உங்களைப்போல் மோவாயை உயர்த்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "முகத்தக் காட்டு, மிட்டாய வாங்கு லா," என்றாள்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் முகமூடியைத் தூக்கினான். உள்ளே வியர்த்துப்போன, பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு பிள்ளை. நாற்காலியைப் பார்த்தான். எங்கள் பல்லைப் பார்ப்பாரே, அந்தப் பெரியவர் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "அவர் இறந்துட்டார். அதனாலதான் இதப் போட்டிருக்கேன்."

அவன் மிட்டாயை வாங்கிக்கொண்டு படியிறங்கினான். முகமூடியை மீண்டும் அணியவில்லை. கையில் பிடித்துக்கொண்டே தெருமுனை வரை போனான்.

என் ஐயம் அப்போதும் அடங்கவில்லை. குரல் அவ்வளவு உங்களுடையதாக இருந்தது. குனிந்து கேட்டேன்: "இப்போது நீ யார்?"

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். மூத்தவர் எவருக்கோ மூளை குழம்பிவிட்டது என்பதுபோன்ற பார்வை.

"நான் நான்தான் தாத்தா. ஈப்போ தாத்தா செத்துட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

பிறகு பேசத் தொடங்கினாள். நீங்கள் கிராம்பை அவள் வாயில் வைத்தது, அவள் துப்பியது, விழுந்த முதல் பல்லை எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்பது. குளிர்காலம் முழுதும் அவளுக்குள் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வந்தது. உங்கள் மகன் வாயிற்கதவைத் திறந்து, சட்டையைக் கண்டு, பையைக் கீழே வைக்காமலே படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

கலந்துவிட்டீர்களே சம்பந்தி என்பீர்கள். இல்லை. நான் வாசலில் அமர்ந்திருந்தேன், அவ்வளவே. நாளைய உரையின் முதல் வரியை அழிக்கவும் மாட்டேன். இரப்பர்க் குருதியையும் மிரட்டிக் கேட்கும் பழக்கத்தையும் கடைகளின் கறுப்பையும் நான் ஐயுற்றுக்கொண்டே இருப்பேன். ஆனால் அந்த வரியின் கீழே இன்று காலை வேறொன்று எழுதினேன். இன்று தூயோர் அனைவரின் திருநாள். இதன் முந்திய மாலை என்பதே ஆலோவீன் என்ற பெயரின் பொருள். இறந்துபோன நம்மவரை நினைக்கத் திருச்சபை தந்த நாளை நாம் மறந்தோம். மறந்த வீட்டுக்குள் கடைக்காரன் நுழைந்தான். பிள்ளைகள் தம் இறந்தோரைப் பற்றிப் பேச நம் வீட்டில் இடமில்லையென்றால், இடம் தரும் தெருவுக்கு அவர்கள் போகத்தானே செய்வார்கள்?

நாளை வழிபாடு முடிந்ததும் அவளை உங்கள் கல்லறைக்கு அழைத்துப் போகிறோம். இந்தச் சட்டையில்தான் வருவேன் என்கிறாள். ஆலயத்துக்கும் இதே சட்டையாம். அதிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு, இருந்தும் தலையசைத்துவிட்டேன்.

பையைத் துழாவியபோது சில கிராம்புகள் கிடைத்தன. ஒன்றைக் கடித்தேன், நா மரத்துவிட்டது. பேச்சாளனுக்கு ஆகாத பண்டம். மீதியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாளை நான் முகமூடிகளைச் சினந்து பேசும்போது அவை என் நெஞ்சருகே மணத்துக்கொண்டிருக்கும். முன்வரிசையில் நீலப் பாத்திக்குள் மூழ்கியபடி ஒருத்தி அமர்ந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் முகத்தைக் காட்டித்தான் பேசியாக வேண்டும்.