ஏழாம் நம்பரின் சீட்டு

அன்புள்ள மகளுக்கு,

ஏழாம் நம்பர் பசுவின் சீட்டில் 'காலி' என்று நீ எழுதியது தப்பு. எழுதிவிட்டு மறுநாளே மேல்படிப்புக்குப் புறப்பட்டுப் போனது அதைவிடத் தப்பு. அது சினைப்பசு.

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. அவள் நலம். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

சினை ஊசி போட்டு எண்பத்தைந்து நாள் ஆகிறது. இதற்குள் நான்கு தடவை பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கொட்டில் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். பேராசிரியரிடம் சொன்னேன். காலி மாடும் சில சமயம் கத்தாது, உன் மகளுக்குப் பிறகு நாற்பது மாணவர்கள் பார்த்து நாற்பது பேரும் காலி என்றுதானே சொன்னார்கள் என்கிறார். சீட்டு கதவிலேயே தொங்குகிறது. அதைப் படித்துவிட்டு மாட்டுக்குள் கையை விட்டால் கை வேறென்ன சொல்லும்?

அது சினை என்று நீ சீட்டு எழுதிய அன்றே நான் சொன்னேன். அத்தனை மாணவர்கள் முன்னால், "கை விட்டுப் பாத்தது நானா, நீங்களாப்பா?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். கொட்டில் பணியாளன் மாட்டுக்குள் கை விடக் கூடாது என்பது நம் கால்நடைக் கல்லூரி விதி. முப்பத்தோரு வருடமாக விட்டதில்லை. ஆனால் உன் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடும்போதே உனக்கு முன்னால் படித்தவன் நான். சிரித்ததைப் பற்றி எழுத வரவில்லை. விடு.

ஒன்றை மட்டும் யோசி. நீ எப்போதும் இடது கையால்தான் பார்ப்பாய். அன்று அதில் நாய் கடித்த கட்டு. வலது கையால் பார்த்தாய். உன் வலது கைக்கு எழுதத்தான் தெரியும்.

திங்கள் காலை, காலி மாடுகளைப் பருவத்துக்கு வரவைக்கும் ஊசி வகுப்பு. சினைமாட்டுக்கு அதைப் போட்டால் கரு கலைந்துவிடும் என்று நீயே பாடம் நடத்தியிருக்கிறாய். போன் செய்தால் "வகுப்புல இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கூரியர்.

கடிதம் கிடைத்ததும் நீ பேராசிரியரைக் கூப்பிட்டு, வலது கையால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் சீட்டைக் கழற்றிவிட்டு, சீட்டில் என்ன இருந்தது என்று தெரியாத ஒரு டாக்டரைக் கொண்டு மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். காலி என்றால் அதே மாணவர்கள் முன்னால் நான் மன்னிப்புக் கேட்பேன். சினை என்றால் நீ ஒன்றும் கேட்க வேண்டாம், லீவு கிடைக்கும்போது வந்து அந்த எழுத்தை உன் கையாலேயே அடித்துவிட்டுப் போ. அம்மா உனக்குப் பிடித்ததைச் சமைப்பாள். புண் ஆறியதா என்று எழுது. அந்த இடது கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். நல்ல கை அது.

இப்படிக்கு,
திங்கள்வரை ஏழாம் நம்பர் கதவை விட்டு நகராத
உன் அப்பா