சாதா பெட்ரோலே போதும்

ஆகஸ்ட் 4, திங்கள்

பேரன் கிளாட்வின் துபாயிலிருந்து பெட்ரோல் காசு அனுப்பிவிட்டான். ஜெர்மன் கார் வாங்கி என் வாசலில் விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. ராஜபாளையத்தில் இந்தத் தெருவில் வேறு யார் வாசலில் இப்படி ஒரு வண்டி நிற்கிறது? அஞ்சாப்பு படித்த இந்த ரோசம்மாள் வளர்த்த பேரன் வாங்கியது.

இன்று பெட்ரோல் பங்கில் டிரைவர் பாண்டிச்செல்வம், "தொண்ணூத்தஞ்சு போடுங்க" என்றான். அது ஒசத்திப் பெட்ரோலாம். விலையைப் பார்த்தேன். சாதாவைவிட லிட்டருக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கூட. எதற்கு?

"ஆச்சி, இது பவர் கூடின இன்ஜின். சாதா போட்டா உள்ள நேரத்துக்கு முன்னாலயே வெடிச்சு இன்ஜின் தட்டும். டேங்க் மூடியிலயே எழுதியிருக்கு."

"ஏலே, எங்க வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் கலந்து அம்பாசிடர் டாக்ஸி ஓட்டுனவிய. அதுல மூணு பிள்ளையைப் படிக்க வச்சாவ. நீ எனக்குப் பெட்ரோல் சொல்லித் தாறியா? சாதாவே போதும்."

பங்கில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவன் முகம் செத்துப்போயிற்று. எனக்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஊருக்கே சோறு போடும் அசன விருந்துக்கு அரிசி தருகிறவர்கள் பெயரை ஆலயத்தில் வாசித்தார்கள். என் ஓரகத்தி பெயருக்கு இரண்டு சிப்பம். என் பெயருக்கு ஒன்று. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சிரித்திருந்தால்கூட விட்டிருப்பேன். இரக்கப்படுகிற மாதிரி பார்த்தாள் — என்னை!

கடைசிப் பட்டியல் அக்டோபரில்தான். பெட்ரோல் காசில் மிச்சம் பிடித்து, கைக்காசும் கொஞ்சம் போட்டால் அவளைத் தாண்டிவிடலாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சேத்தூர் ரோட்டில் மேடு ஏறும்போது டப்பாவில் கோலிக்குண்டு போட்டு உலுக்கியதுபோல் சத்தம். "கேக்குதா ஆச்சி?" என்றான். கேட்டது. கேட்கவில்லை என்றேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சத்தம் கூடிவிட்டதாம். "துபாய்த் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருதேன் ஆச்சி" என்றான்.

"சொல்லு. நாளைக்கே வேற டிரைவர் வருவான். பொறவு ஒன் மக காலேஜ் பீசை யாரு கட்டுவா, ஒங்க ஊரு தேவதானம் பஞ்சாயத்தா?"

அவன் வண்டியைக் கிளப்பினான். ஆண்பிள்ளை எங்கே தட்டினால் அடங்குவான் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 19, ஞாயிறு

என் பெயருக்கு நான்கு சிப்பம்! மைக்கில் வாசித்தார்கள். ஓரகத்தி பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

என்னவென்று எழுதுவது. கிளாட்வின் லீவில் வந்திருக்கிறான். என்னையும் அவனுக்குப் பேசியிருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு, வண்டி எப்படிப் பறக்கிறது பாருங்கள் என்று மதுரை ரோட்டில் மிதித்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு இடி. புகை. சம்பந்தியம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றது — அதைப் பார்க்கவா நான் உயிரோடு இருக்கிறேன்? எல்லாரும் ஆட்டோவில் திரும்பினோம்.

நவம்பர் 24, திங்கள்

பிஸ்டனில் ஓட்டை. மாசக்கணக்கில் சாதா பெட்ரோல் ஓடியிருக்கிறது என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். கிளாட்வின் எங்கள் இரண்டு பேரையும் எதிரே நிறுத்தினான்.

பாண்டிச்செல்வம் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "ஆச்சி, நீங்களே சொல்லுங்க."

"நான் அஞ்சாப்பு படிச்ச பொம்பள. எனக்குப் பெட்ரோலப் பத்தி என்னய்யா தெரியும்? காசை அவன் கையிலதான் குடுத்தேன்" என்றேன்.

அஞ்சாப்பு என்பதை நானே தாழ்த்திச் சொன்னது இதுதான் முதல் தடவை. நாக்கு கூசத்தான் செய்தது. கூசட்டும்.

நவம்பர் 26, புதன்

பாண்டிச்செல்வத்தை வேலையை விட்டு அனுப்பிவிட்டான். இந்த மாதச் சம்பளமும் கிடையாது.

நவம்பர் 28, வெள்ளி

பாண்டிச்செல்வம் பெண்டாட்டி மாரியாத்தாள் வந்தாள். "வேலை வேண்டாம் ஆச்சி. ஊர்ல பெட்ரோல் திருடன்னு சொல்லுதாவ. அவிய வெளிய தலகாட்ட மாட்டேங்காவ. இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"ஏட்டி, ஊரு சும்மாவா சொல்லும்?"

அவள் அழவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ? சொல்லி என்ன ஆகப்போகிறது?

டிசம்பர் 3, புதன்

பள்ளிக்கூட வேன் வைத்திருக்கிறவர் போன் செய்தார். பாண்டிச்செல்வம் வேலை கேட்டிருக்கிறானாம், ஆள் கை சுத்தமா என்றார்.

"ஒருத்தன் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரல. எதையும் எங்கிட்டக் கேக்காதிய" என்றேன்.

அவருக்கு அதுவே போதும்.

டிசம்பர் 15, திங்கள்

கிளாட்வின் துபாய் போய்விட்டான். வேறு இன்ஜின் போட்டு வண்டி வந்துவிட்டது. புது டிரைவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். பங்கில் காசை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"பெட்ரோல் காசு என் போனுக்கே வந்துரும் ஆச்சி. உங்க கையில குடுக்க மாட்டாவளாம். நீங்க சாதா போடச் சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு உத்தரவு."

கிளாட்வின் இதை எப்போது சொன்னான் என்று கேட்டேன்.

"போன மாசமே. இருபத்தஞ்சாந்தேதி போன்ல கூப்பிட்டு இதச் சொன்னாவ. வண்டி சரியானதும் வேலைக்கு வந்துருன்னாவ."

இருபத்தஞ்சு. பாண்டிச்செல்வத்தை அனுப்பியது இருபத்தாறு.

கிளாட்வின் பங்கில் விசாரித்திருப்பான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் மறுநாள் அவனைத் திருடன் என்று அனுப்பியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்றும் போன் செய்தான். "சாப்பிட்டியா அப்பத்தா?" என்றான்.

"சாப்பிட்டேன்யா" என்றேன்.